சாமான் அறையில் ஒரு முகாம்

அவைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, ஆவி பறக்கும் சலவைக்கூடத்தில் அரை ஆயுளைக் கரைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, தாய்மாரே, தங்கைமாரே! அனைவருக்கும் என் வணக்கம். வணக்கத்தோடு என் கோபத்தையும் கொண்டுவந்திருக்கிறேன், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சற்று முன் தலைவர் சொன்னார்: "போன தடவை கர்ப்பப்பைப் பரிசோதனை முகாம் வச்சோம், பொம்பளைங்க யாருமே வரல. விழிப்புணர்வு பத்தல." வரவில்லையா? வந்தாள் ஐயா, என் அக்கா வந்தாள்! இஸ்திரி மேசையில் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். எங்கே வைத்தீர்கள் முகாமை? ஆண்கள் டீ குடிக்கும் இடத்தை ஒட்டிய சாமான் அறையில்! ஜன்னலுக்குத் திரை உண்டா? இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? இல்லை. உள்ளே படுத்துக் காலை மடக்க வேண்டியவளுக்கு மானம் உண்டே என்று ஒருவராவது யோசித்தீர்களா?

வாசலில் நின்ற வண்டி ஓட்டுநர் கேட்டார்: "ஒழுங்கா இருக்கிறவளுக்கு எதுக்கு இந்த டெஸ்டு?" அக்கா திரும்பிவிட்டாள். நோய்க்குப் பயந்து வந்தவளை நாக்குக்குப் பயந்து திரும்ப வைத்தோம்! இப்போது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

பின்வரிசையில் யாரப்பா சிரிப்பது? சிரி. சிரித்துவிட்டுக் கேள். இது ஒழுக்கம் பார்த்து வரும் நோய் இல்லை. உடலுறவில் பரவும் சர்வசாதாரணமான வைரஸ். உன் மனைவிக்கும் வரலாம். கொடுத்தவன் நீயாகவும் இருக்கலாம்! பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல், வலி காட்டாமல், வருடக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்து புற்றாக மாறும். மாறும் முன்பே காட்டிக்கொடுப்பதுதான் இந்தப் பரிசோதனை. சில நிமிட வேலை! அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு கதவைச் சாத்தித் தரத் துப்பில்லாத நாம் விழிப்புணர்வு பேசுகிறோமா?

"உன்னைப் பற்றி மேடையில் சொல்லலாமா?" என்று நேற்று அக்காவிடம் கேட்டேன். "சொல்லுடி. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. மத்தவங்களையாவது உள்ள போகச் சொல்லு" என்றாள்.

இன்று முகாம் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். அதே சாமான் அறை! கைதட்டாதீர்கள், எனக்குக் கைதட்டல் வேண்டாம். தலைவர் அவர்களே, உங்கள் அறை ஜன்னலுக்குத் திரை இருக்கிறது, கதவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவியைக் கொடுங்கள். ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லாதீர்கள். இங்கேயே, இப்போதே, இத்தனை பேர் முன்னிலையில் என் கையில் கொடுங்கள்!

கொடுத்துவிட்டார். மருத்துவர் அம்மா, வாருங்கள். தாய்மாரே, தங்கைமாரே, எழுந்து வாருங்கள். முதலில் படுக்கப்போவது நான். ஆண்களே, நீங்கள் இங்கேயே இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் நெளிந்தவர்களுக்கும் நன்றி. வணக்கம், நான் உள்ளே போகிறேன்.