இருசப்பன் கேட்ட வெந்நீர்

மேடையில் வீற்றிருக்கும், நம் கொம்யூன் ஊர்களுக்குத் தலைவரான மேர் அவர்களே, வில்லியனூர்ப் பெரியோர்களே, ஷோபேர் இருசப்பனுக்காக அறுப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே!

மருத்துவச்சி ரோசம்மாள் நாலு வார்த்தை சொல்லி அழுதுவிட்டு இறங்குவாள் என்று நினைத்திருப்பீர்கள். அழுது முடித்தாயிற்று. இப்போது எனக்குக் கோபம்.

நம் கொம்யூன் காரை ஓட்டியவர் யார்? இருசப்பன்! பிள்ளைத்தாய்ச்சிகளைப் புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார்? இருசப்பன்! பனிக்காலத்தில் அந்தக் கிழட்டுக் கார் அவர் ஒருவர் பேச்சைத்தான் கேட்கும்.

முந்தின வருஷத்து மார்கழி. உறுவையாறு கிராமத்தில் கலியம்மாளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளையின் கை முதலில் வந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரிதான் என்று விடியற்காலையில் அவளைக் காரில் ஏற்றினோம். இரவெல்லாம் பனியில் நனைந்த கார் கிளம்பவில்லை! தள்ளினார்கள், சக்கரம் சேற்றில் புதைந்தது. அவள் புருஷன் உலகநாதன், காரைக் கிளப்ப முன்பக்கம் செருகும் ஹேண்டிலைச் சுற்றினான். கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்திருந்தான், அது திருப்பி உதைத்ததில் விரல் வீங்கிப்போனது. உள்ளே கலியம்மாள் கத்துகிறாள்.

இருசப்பன் பதறினாரா? இல்லை! பெட்ரோல் வருகிறதா என்று மோந்து பார்த்தார். வந்தது. பிளக்குகளைக் கழற்றினார். ஒரே ஈரம். அடுப்பில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் மாட்டிச் சுற்றினார். கார் இருமியது, நின்றது. ரேடியேட்டரிலிருந்த சில்லென்ற தண்ணீரைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரோசம்மா, அந்த வெந்நீரக் குடு!"

"இது பொம்பளைக்கு வச்ச தண்ணி! தரமாட்டேன்!"

"தே, ஆஸ்பத்திரில வெந்நி கெடைக்கும். அதுவரைக்கும் அவள இன்னாத்துல கொண்டுபோவ?"

இருந்தது அந்த ஒரு பானைதான். கொடுத்தேன். ரேடியேட்டரில் ஊற்றினார், எஞ்சின் சூடேறியது, ஒரு சுற்று சுற்றினார், கார் உறுமியது! அந்தப் பிள்ளைதான் இப்போது கலியம்மாள் இடுப்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் போன வாரம் நெஞ்சுவலி வந்தபோது என்ன நடந்தது? நான் பண்டசோழநல்லூரில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். இங்கே கார்த்திகை ஈரத்தில் அதே கார் கிளம்பவில்லை. அவரைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு, ஆளாளுக்கு ஹேண்டிலைச் சுற்றினீர்கள். ஒருவருக்காவது பிளக்கைக் கழற்றத் தெரிந்ததா? கடைசியில் மாட்டுவண்டி பூட்டினீர்கள். பாதி வழியிலேயே போய்விட்டார்.

ஐயோ இருசப்பா! அந்தக் காரின் எஞ்சினை யாரையாவது தொடவிட்டீரா? ஒருத்தருக்காவது சொல்லித் தந்தீரா? செத்தவரைத் திட்டக் கூடாதாம். திட்டுவேன்! அவர் எனக்கு அண்ணன் மாதிரி.

காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மேர் அவர்கள் சற்று முன் சொன்னார். வேண்டாம் ஐயா! கலியம்மாளுக்கு வருகிற மார்கழியில் மறுபடி பிரசவம். மாட்டுவண்டியிலா அனுப்புவீர்கள்?

இதோ, ஹேண்டிலை மேசைமேல் வைக்கிறேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். ஒன்று விடாமல் சொல்லித் தருகிறேன். பனிக்காலம் முழுக்க என் அடுப்பில் வெந்நீர் கொதிக்கும், இது சத்தியம்! சுற்றுவதற்குத்தான் எனக்குத் தெம்பு இல்லை. யார் வருகிறீர்கள்? ஆள் வரும்வரை இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

ஏன் எல்லோரும் தலையைக் குனிகிறீர்கள்?

கலியம்மா, புருஷனை இடிக்காதே. தானாக எழுந்திருக்கட்டும்.

வா, உலகநாதா. ஹேண்டிலை எடு. இந்தத் தடவை கட்டைவிரலை வெளியே வை.