ஈரப் புடவை

குண்டு விழும் என்று பயந்து, பட்டணத்துப் பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பிவைத்திருந்த யுத்தக் கோடை. அம்பத்தூரில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தவளின் புடவை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கூட வந்தவளிடம் சொன்னாள்:

"சன்னலைச் சாத்துக்கா. புடவை காஞ்சிடும்."

"காயட்டுமே. இன்னாத்துக்கு ஈரத்தோட குந்திகினு கீறே?"

"பொண்ணு என்னைக் கட்டிப் புடிச்சிகினா, அக்கா. அவ மேல இருந்த ஏரித்தண்ணி."

"அயனம்பாக்கத்துல உன் நாத்தனார் ஊட்ல வுட்டியே, அவளா?"

"ஆமா. மொதல்ல முதுவுல சொரக்குடுக்கை கட்டி வுட்டாங்களாம். இப்போ அதுகூட இல்லாம நீந்துறா. பட்டணத்துல ராவெல்லாம் இருமிகினு கெடந்த புள்ள! கூப்புட்டா, 'இரும்மா, இன்னும் ஒரு தபா'ன்னு திரும்ப உள்ள பூந்துட்டா."

"கெளம்பறப்போ அழுதாளா?"

"சிரிச்சா. எனக்குத்தான் அவ கால் என் மேல கெடக்காம தூக்கமே வர்ல."

"சண்டை நின்னதும் கூட்டிகினு வந்துடு."

"கூட்டிகினு வந்து? நம்ம சந்துல ஒரு கொடம் கொழாத்தண்ணிக்கு அடிச்சிகினு நிக்கிறோம். அவள எதுலக்கா நீந்தச் சொல்வேன்?"

பெட்டிக்குள் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து சன்னலைச் சாத்தினாள்.