எடை மேடை ஏறிய கார்

2025 நவம்பர் 11, செவ்வாய், காலை 9.20, தூறல். காரமடையிலிருந்து கோவை செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பாக்கு வியாபாரிகள்.

"புதுக் காரை எடை மேடையில ஏத்திப்போட்டேனுங்க. ஆயிரத்தி முந்நூறு கிலோ! பழையது எழுநூறுதான்."

"பாக்கு மூட்டையோடவா நிறுத்துனீங்க?"

"காலி வண்டிங்க! பெட்ரோலையும் குடிக்குது. இத்தனை இரும்பு எதுக்கு, வித்துப்போடலாம்னு இருந்தேன்."

"வித்தாச்சுங்களா?"

"எங்கீங்க! போன வாரம் மக ஓட்டிட்டுப் போறப்ப டிப்பர் லாரி பக்கவாட்டுல இடிச்சுப்போட்டுது. கதவுக்குள்ள இருந்த இரும்புச் சட்டமும் பொசுக்குன்னு விரிஞ்ச காத்துப் பையும் தாங்கிக்கிச்சு. கீறலில்லாம எறங்கி நின்னு, 'அப்பா, காரு போச்சு'ன்னு அழுவறா. போனாப் போகுது கண்ணுன்னேன்."

கேட்டுக்கொண்டிருந்த நான் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். திரும்பிவர ஆட்டோவுக்குப் பேரம் பேசாமல் கொடுத்தது எண்பது ரூபாய்.