பூ நுழையாத அறையின் பேராசிரியைக்கு

கல்லுக்குள் உறங்கிய கானகத்தைக் கண்ணாடிச் சில்லில் கண்டு சொன்ன கூர்விழியே! நிலக்கரிக்குள் நெடுங்காலம் புதைந்த மகரந்தத்தையும் வித்துத்துகளையும் நுண்ணோக்கியில் நோக்கி, மனிதர் பிறக்குமுன் இம்மண்ணில் நின்ற மரங்களைப் பெயர் சொல்லி அழைத்த பேராசிரியை சொர்ணலட்சுமி அம்மா அவர்களே, வணக்கம்!

இன்று பணி ஓய்வு பெறும் நீங்கள், முப்பத்தோராண்டு எங்கள் நிலவியல் துறையை வளர்த்தீர்கள். இன்றைய பூவின் தூள் அன்றைய மண்ணில் விழுந்தால் ஆய்வே பாழ் என்று, கத்திரி வெயிலிலும் ஆய்வக ஜன்னலைத் திறக்கவிட்டதில்லை, மின்விசிறியைச் சுழலவிட்டதில்லை. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் வந்த நாளிலும் தலைப்பூவை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவோம். "பூ வாடிருமேம்மா" என்று முனகினால், "வாடட்டும், சாயங்காலம் வேற வாங்கித் தாரேன்" என்பீர்கள். வாங்கியும் தந்தீர்கள்.

அப்படிக் காத்த அறையை, உங்களைக் கௌரவிப்பதாகச் சொல்லி, சென்ற வெள்ளியன்று கல்லூரிச் செயலர் கனகசபாபதி அவர்கள் தம்மிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து, ஜன்னலையும் திறந்துவிட்டு, கேந்திப்பூச் சரம் கட்டி, விசிறியையும் சுழலவிட்டார். பூட்டிய அறைதானே என்ற நம்பிக்கையில் நீங்கள் உலர வைத்திருந்த நிலக்கரித் தூள் மேசையில் மூடாமல் கிடந்தது. அதை எடுத்த ஆழ்துளையோ மூடப்பட்டுவிட்டது. ஆறாண்டு உழைப்பு! இனி அந்தத் தூளில் எதைக் கண்டோம் என்றாலும் எவர் நம்புவார்?

"யாரு ஜன்னலைத் தொறந்தது?" என்று மட்டும் கேட்டீர்கள். "பூத்தூள்தான மேடம், ஊதிவிட்டாப் போயிருமே! இதுக்குப் போயி எதுக்குச் சங்கடப்படுறீக?" என்றார் செயலர். அடடா, என்ன அறிவு! தம் பட்டாசு ஆலை வாசலில் வருவோர் செல்போனையெல்லாம் வாங்கி வைப்பவருக்கு, எங்கள் வாசலில் "பூவோடு வராதீர்" என்றிருக்கும் பலகை கண்ணில் படவில்லையா? ஒரு பொறி விழுந்தால் என்னாகும் என்று அறிந்தவருக்கு, ஒரு துகள் விழுந்தால் என்னாகும் என்று கேட்கத் தோன்றவில்லையா? இந்த விழா மேடையில்தான் அமர்ந்திருக்கிறார், கேட்கட்டும். எங்களுக்கு வயிறு எரிகிறது!

அம்மா, இன்று உங்களுக்கு நாங்கள் மாலை போடப் போவதில்லை. செயலர் கொண்டுவந்த ரோஜா மாலை அவர் மடியிலேயே இருக்கட்டும். அதே நிலக்கரியில், பூத்தூள் அண்டாதபடி நீங்கள் மெழுகு பூசி வைத்த பாதித் துண்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க உங்களை விட்டால் ஆளில்லை. அறையைக் கழுவித் துடைத்துவிட்டோம். பூட்டையும் மாற்றிவிட்டோம். அதன் ஒரே சாவியை, செயலர் பார்க்கவே, இம்மடலோடு உங்கள் கையில் தருகிறோம்.

கண்ணொளி மங்காமல், கை நடுங்காமல், நூறாண்டு நலமோடு வாழ்க! திங்கட்கிழமை காலையில் வாங்கம்மா. தலையில் பூ இல்லாமல் வாசலில் நிற்போம்.

இங்ஙனம்,
கொதிப்படங்காத
முருகேஸ்வரி, அருள்பாண்டி
மற்றும் நிலவியல் துறையினர்