ஒரு பக்கமாக மென்றவர்

அவைத் தலைவர் அவர்களே, நம் பிராணிகள் மருத்துவமனைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, நாயையும் பூனையையும் வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

போன வியாழக்கிழமை மதியம் என் எதிரே அமர்ந்து சாப்பிட்டவருக்கு இந்த வியாழக்கிழமை இரங்கல் கூட்டம். எப்படி நம்புவது? எழுதி வந்த தாளைப் பையிலேயே வைத்துவிட்டேன். நினைவில் வருவதைச் சொல்கிறேன், மன்னியுங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் அவரோடு வைத்தியம் பார்த்தவன் நான். டாக்டரம்மா என்றால் பலருக்குத் தெரியாது. பல்லக்கா என்றால்தான் தெரியும். காதில் புண் என்று வந்தாலும் முதலில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். "கால் வலின்னு கொண்டுவந்தா வாயைப் பாக்கறீங்களே" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "கால் எங்கயும் ஓடிடாது, பொறுங்க" என்றார் பல்லக்கா.

அதோ பின்வரிசையில் நிற்கிறாரே, காவலாளி ஐயா. அவருடைய நாய் திடீரென்று குழந்தையைப் பார்த்து உறுமத் தொடங்கியது. "குணம் மாறிடுச்சு, ஊசி போட்டு முடிச்சிருங்க" என்று அழுதார். நானும் ஊசியை எடுக்கப் போனேன். பல்லக்கா உதட்டைத் தூக்கினார். கடைவாய்ப்பல் பிளந்து சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கினார், நாய் பிழைத்தது.

நமக்கெல்லாம் அவர் ஓயாமல் சொன்னது என்ன? "அதுக வலிக்குதுன்னு சொல்லாது. தட்டைக் கவனிங்க. ஒரு பக்கமா மென்னா உடனே தூக்கிட்டு வாங்க. பல்லுல இருக்கிற சீழ் பல்லோட நிக்காது."

இனி மறைத்து என்ன பயன்? மூன்று வாரமாக அவரே ஒரு பக்கமாகத்தான் மென்றார். நான் பார்த்தேன். "என்னக்கா, பூனை மாதிரி சாப்பிடறீங்க?" என்று கேலியும் செய்தேன். சிரித்தார். "புதன்கிழமை முடியட்டும், போய்க் காட்டறேன்" என்றார். புதன்கிழமை எங்கள் மருத்துவமனையில் பிராணிகளுக்குப் பல் சுத்தம் செய்யும் நாள். ஒரு புதன் போனால் அடுத்த புதன். இடையில் வலி மாத்திரை. வெள்ளிக்கிழமை கழுத்து வீங்கியது, ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லை. ஒரு பல்லா பல்லக்காவைக் கொண்டுபோனது?

"உங்ககிட்டயும் சொல்லலையா அவ?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டார் அவர் கணவர். வலிக்கிறது என்று சொல்லவில்லை, சார். ஆனால் தட்டில் தெரிந்தது. எத்தனையோ வாயைத் திறந்து பார்த்த எங்களில் ஒருவருக்கும் அவர் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே.

புதன்கிழமை நிற்காது. நேற்றுப் பட்டியலில் இருந்த ஏழு பிராணிகளுக்கும் அழுதுகொண்டே பல் பார்த்தோம். அடுத்த வாரமும் பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர் மகள் எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "மாமா, நீங்களும் ஒரு பக்கமாத்தானே சாப்பிடறீங்க?"

ஆமாம் அம்மா. இரண்டு மாதமாக. நாளைக் காலை பல் டாக்டரிடம் போகிறேன். புதன்கிழமை வரை காத்திருக்க மாட்டேன்.