எலும்பு சொன்னால் நம்புவேன் என்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்திருக்கும் தோழர்களே, என்னோடு பேருந்து ஓட்டும் எட்டுப் பெண்களே! எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் சொல்லிவிட்டேனே தவிர, உங்களில் பாதிப் பேர் மேல் எனக்குச் சந்தேகம். மன்னிப்புக் கேட்க மாட்டேன். சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவரே அதோ, அந்தப் படத்தில் சிரிக்கிறார்.

சக்கரப் பிரிவின் தலைமை மெக்கானிக், மதிய மன்றத்தின் நடுவர், நகைச்சுவைச் செம்மல், நம் குகையார் அண்ணன்! அவருக்கா இரங்கல் கூட்டம்? அலுவலகத்திலிருந்து இவ்வளவு பெரிய மலர்வளையமா? உயிரோடு இருந்தபோது மன்றத்துக்கு நாலு நாற்காலி கேட்டார், கொடுத்தீர்களா? துக்கம் விசாரிக்க வந்தீர்களா, ஆள் போய்விட்டாரா என்று உறுதி செய்துகொள்ள வந்தீர்களா? எனக்கு முன்னால் பேசிய மேலாளர், அண்ணன் சிரிக்க வைத்தார் என்று ஐந்து முறை சொன்னார். கேள்வி கேட்டார் என்று ஒரு முறை சொன்னாரா? சொல்லவில்லை.

குகையார் என்ற பெயர் எப்படி வந்தது? மூன்று வருடம் முன்பு ஒரு பயிற்சி நிபுணர் வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். ஆதியில் ஆண் வேட்டைக்குப் போனானாம், பெண் குகைப் பக்கம் பழம் பொறுக்கினாளாம். ஆகவே ஆண் ஸ்டியரிங் பிடிப்பதும் பெண் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருவதும்தான் இயற்கையாம்!

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "சார், ஒரு சந்தேகம். கண்ணு முன்னால இருக்கிற உப்பு டப்பா எனக்குத் தெரியவே மாட்டேங்குது. ஏன் சார்?"

நிபுணருக்கு முகமெல்லாம் பல். "வேட்டைக்காரன் கண்ணு. ஓடறதைத்தான் பிடிக்கும்."

"ஐயோ, மாத்திச் சொல்லிட்டேன். தெரியாதது என் வீட்டுக்காரிக்கு. டக்குனு எடுக்கிறது நான்தான்."

"அதுவும் வேட்டைக்காரன் கண்ணுதான். சட்டுனு குறி பார்க்கும்."

"எங்க வீட்ல உப்பு டப்பாவே கிடையாது சார். பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே வச்சிருக்கோம். இல்லாத டப்பாவுக்கு ரெண்டு காரணம் சொல்லிட்டீங்களே!"

கூடம் அதிர்ந்தது. அன்றைக்கு வந்த பெயர்தான் குகையார், அன்றைக்குப் பிறந்ததுதான் சாப்பாட்டு இடைவேளையில் நாம் நடத்தும் பட்டிமன்றமான மதிய மன்றம். பரிணாமத்தையே மறுக்கிறார் என்று சிலர் கிசுகிசுத்தார்கள். அபாண்டம்! "குரங்கு நமக்குச் சொந்தம்னா எனக்கென்ன? என் மச்சானைப் பார்த்ததுமே நம்பிட்டேன். எலும்பு சொன்னா நம்புவேன். எலும்பைக் காட்டி மேனேஜர் சொன்னா, எலும்பையும் பார்ப்பேன், மேனேஜரையும் பார்ப்பேன்." இதுதான் அவர் சொன்னது.

மன்றத்தில் ஒரு விதி உண்டு. பாதியில் மணி அடித்தால் இரண்டு அணியும் கட்சி மாறிப் பேச வேண்டும். ஒரே குகையைக் காட்டி இரண்டு பக்கமும் பேச முடிந்தால், அந்தக் குகை யாருக்குமே சாட்சி இல்லை என்பார் அண்ணன்.

போன வருடம் மணி அடித்தது. பெண்ணால் பேருந்து ஓட்ட முடியாது என்று நான் பேச வேண்டிய முறை. சும்மா இருந்ததா இந்த வாய்? வெளுத்து வாங்கினேன்! "குழந்தை அழுதா திரும்பிப் பழகின காதுங்க இது. பின் சீட்ல ஒரு குழந்தை அழுதா, பிரேக்கே மறந்துடும்" என்றேன். கைதட்டல் அடங்கவில்லை. மறுவாரம், பெண் ஓட்டுநர்களை டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றச் சொல்லும் அலுவலகக் கோப்பில் என் வாசகம் ஏறியிருந்தது. பெண் ஓட்டுநரே ஒப்புக்கொண்டார் என்று! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் கெட்டதோடு நின்றேனா? ஒன்பது பெண்கள் வேலைக்கும் உலை வைத்தேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதே மணிக்குப் பிறகு எதிரணி ஆண் ஓட்டுநர் பேசியதை எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். "தனியா வேட்டைக்குப் போய்ப் பழகினவன், முதுகுக்குப் பின்னால அறுபது பேர் உட்கார்ந்தா மிரண்டுடுவான்னு இவரும் ஒப்புக்கிட்டார் சார். நூத்தி நாப்பது ஆம்பளைங்களையும் கவுன்ட்டர்ல உட்கார வைங்க. பஸ்ஸை நான் தள்ளிக்கிட்டே போறேன்" என்றார். கோப்பு படுத்துவிட்டது. ஆனால் வெட்கத்தில் நான் அதற்குப் பிறகு மன்றத்தில் வாய் திறக்கவில்லை.

அண்ணன் போனது செவ்வாய்க்கிழமை. கோப்பு எழுந்தது வியாழக்கிழமை. இரண்டே நாள்! வரும் வியாழன் பத்து மணிக்கு விசாரணை என்று நோட்டீஸ் என் பையில் இருக்கிறது. தற்செயல் என்கிறீர்களா? நான் நம்பவில்லை.

நான் அழுதேன். இந்த அழுகைக்கும் நாளை ஒருவர் திரை கட்டி, கூட்டத்தைச் சேர்த்துவைக்கக் குகையில் வந்த பழக்கம் என்பார். சொல்லிக்கொள்ளட்டும். நான் அழுதது என் அண்ணனுக்காக. காலையில் அண்ணிதான் என்னைத் தட்டி எழுப்பினார். "போதும் எழுந்திரும்மா. நல்லாப் பேசினது தப்பில்லை, பேசறதை நிறுத்தினதுதான் தப்புன்னு ஆஸ்பத்திரியில கூடச் சொன்னாரு."

அண்ணே, உங்கள் படத்தின் முன் வாக்குக் கொடுக்கிறேன். மதிய மன்றம் நிற்காது. வியாழக்கிழமை நான் போவேன். பேசியது நான்தான் என்று ஒப்புக்கொள்வேன், மணிக்கு முன்னால் பேசியதையும் சேர்த்து எழுதச் சொல்வேன். ஒன்பது இருக்கையில் ஒன்றைக்கூட விட மாட்டோம்!

முடிக்குமுன் மேலாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பணிமனையிலிருந்து நாம் எல்லோரும் ஒரே பேருந்தில் வந்தோம். கொட்டும் மழை, பாதி தோண்டிப் போட்ட பாலம். கார் பழுதென்று நீங்களும் ஏறினீர்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டீர்கள், கண்ணாடியில் பார்த்தேன். இறங்கும் வரை விழிக்கவில்லை. ஓட்டியவள் நான். கூட்டம் முடிந்ததும் அதே வண்டி, அதே ஓட்டுநர். வருகிறீர்களா ஐயா, நடந்து போகிறீர்களா?