லார்கோன்னா அகலம்தான்

அகலம்தான் தங்கச்சி, லார்கோன்னா அகலம்தான். மூணு வருஷம் இத்தாலிக்காரனுக்கு பெஞ்சு அடிச்சுக் குடுத்தவன் நானு. அவன் லிஸ்ட்டுல லார்கோன்னு போட்டா அகலம். ஒரு தடவ கூட மாறல. இப்ப இந்த ஸ்பெயின்காரன், இல்ல பாட்சா பாய், எங்க ஊர்ல அது நீளம்ங்கறான். இன்னா நியாயம் இது, ரத்தினபாய்? நீயே சொல்லு.

…சொல்ல மாட்டே. சரி. வாசப்படிலயே நிக்க வெச்சுட்டே, பரவால்ல. பம்மல்லேந்து இந்தப் பொழிச்சலூர் ரோட்டுல ஸ்கூட்டர் ஓட்டினதுக்கு ஒக்காரவும் முடியாது. உன் வூட்டுக்காரன் லாசரஸ் உள்ள கீறானா? செருப்பக் காணோமே. சர்ச்சுலேந்து நீ மட்டும் வந்துட்டியா? வரட்டும், நான் நின்னுகினு இருக்கேன்.

உனக்கு வெவரம் தெரியாது. ஆஸ்பத்திரில தள்ற வண்டி, நாப்பது, அத்தினியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. படம் கெடையாது, வெறும் அளவு. லார்கோ நூத்தியிருவது சென்டிமீட்டரு, இன்னொண்ணு அறுவது. நான் இன்னா பண்ணேன்… அகலப் பக்கம்தான தள்றவன் நிப்பான்னு, நூத்தியிருவதுல கைப்பிடி வெக்கச் சொன்னேன். நாலடி அகலம். போட்டோ அனுப்பினா, அவன் கேக்கறான், பாய், இது எந்தக் கதவுல நுழையும்னு.

எம் பொண்ணு ஆஃபியா காலேஜ்ல பிரெஞ்சு எடுத்துகீறா. பிரௌசிங் சென்டருக்குப் போயி ஒரு மணி நேரம் தேடிகினு வந்தா. இத்தாலிக்காரனுக்கு அகலம், போர்ச்சுகல்காரனுக்கு அகலம், ருமேனியான்னு ஒரு ஊரு, அங்க லார்க், அதுவும் அகலம். பிரெஞ்சுல லார்ஜ், அகலம். இங்கிலீஷ்காரன் அத வாங்கிகினு போயி பெருசுன்னுட்டான். நம்ம ஊர்ல லார்ஜ்னா… வேணாம், நீ சர்ச்சுக்குப் போயிட்டு வந்துகீறே. இத்தினி பேரு ஒத்துமையா கீறாங்க, ஸ்பெயின்காரனுக்கு மட்டும் நீளம். எல்லாத்துக்கும் தாய் லத்தீனாம். அங்க அகலமும் இல்ல, நீளமும் இல்லியாம். தாராளம்னு அர்த்தமாம். அள்ளிக் குடுக்கறது. ஒரு வயித்துல பொறந்த பசங்க சொத்து பிரிச்சா மாதிரி, ஒருத்தன் அகலத்த எடுத்துகினான், ஒருத்தன் நீளத்த எடுத்துகினான். பேஜாரு எனக்கு.

இன்னா அப்படி பாக்கறே?

சரி, ஆமா, லாசரஸ் கேட்டான். மொத வண்டிக்கே கேட்டான். பாய், இது வாசல்ல இடிக்குமே, அந்தாள்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாமேன்னான். நான் தான்… எனக்கு இத்தாலி பாஷ தெரியும், நீ வெல்டிங்க பாருன்னேன்.

அதோட வுட்டிருக்கலாம். ஸ்பெயின்காரன் லெட்டர் வந்தப்ப ஷெட்டே கூடி நிக்குது. நான் இன்னா சொல்றது, எனக்குத் தெரியலன்னா? லாசரஸ்தான் அளவ மாத்திட்டான்னுட்டேன். அவன் கையுறைய கழட்டி மேசைல வெச்சுட்டு போயிட்டான். பன்னெண்டு வருஷம் தங்கச்சி. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன். மூணு நாளா சோறு எறங்கல. செவ்வாக்கெழம சரக்கு துறைமுகத்துக்குப் போவணும், அது வேற. ஆனா அதுக்காக மட்டும் வரல, அல்லா சத்தியமா. தப்பு என்னுது. அவனுது துளி இல்ல. பக்கத்து ஷெட்டுக்காரன் கூப்பிடறான்னு கேள்விப்பட்டேன், போவ வேணாம்னு சொல்லு.

…இன்னா? எங்க? நம்ம ஷெட்டுலயா? காலைலேந்தா?

சாவி அவன்கிட்டயே கீதே, வாங்க எனக்குத் தோணவே இல்ல. கைப்பிடியக் கழட்டி குறுகின பக்கம் வெக்கறானா. சக்கரத்தையும் திருப்பறானா. சர்ச்சுக்குக் கூடப் போவலியா.

அடிப்பாவி தங்கச்சி, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இத்தினியும் கக்கியிருக்க மாட்டேனே… அதுக்குத்தான் சொல்லலியா?

சிரிக்காத. இன்னா இது, டிபன் கேரியரா? அவன் சாப்பாட்ட மொதலாளி நான் தூக்கிகினு போவணுமா?

சரி குடு. அவன் மூஞ்சியப் பாத்து சொல்லிடறேன், போதுமா? …பத்தாதா? நாளைக்கா? ஷெட்டு ஆளுங்க எல்லாம் வந்தப்பறமா?

…சொல்றேன். அவங்க எதிர்லதான அவன் மேல போட்டேன். சொல்றேன் தாயி. கேரியர வுடு, கொழம்பு ஆறுது.